அழகர்மலை நிழலில் பார்த்த ஊதாப் பூ: பூவைக் கவிழ்த்துப் பாருங்கள்

உங்கள் அப்பத்தா சொன்னதுதான் சரி. அது பூவாங்குறுந்தல்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழமுதிர்சோலையிலிருந்து நூபுர கங்கைக்கு ஏறும் வழியில், மர நிழலில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு செடி. உச்சியில் கொத்தாகச் சின்னச் சின்ன ஊதாப் பூக்கள். செல்போன் செயலி ஒரு படத்துக்கு அப்பக்கொடி என்றும் இன்னொரு படத்துக்கு முயல்செவி என்றும் சொல்லியிருக்கிறது. வீட்டில் காட்டியபோது அப்பத்தா பார்த்த மாத்திரத்தில் பூவாங்குறுந்தல் என்றிருக்கிறார். எது சரி, அடுத்த முறை நாமே எப்படி உறுதி செய்வது, இது நம் மண்ணின் செடியா, வந்தேறியா என்று மூன்று கேள்விகள். கூடவே பூவே இல்லாமல் தரையோடு ஒட்டிக் கிடக்கும் இலைகளின் படம் ஒன்றும் அனுப்பியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

செயலி ஏன் தடுமாறியது என்பது உங்கள் முதல் இரண்டு படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. இரண்டுமே நேர் மேலிருந்து எடுத்தவை. அந்தக் கோணத்தில் அப்பக்கொடி, முயல்செவி, பூவாங்குறுந்தல் மூன்றும் ஊதா நிறத் துணுக்குகளாகத்தான் தெரியும். வேறுபாடெல்லாம் பூவுக்கு அடியில் இருக்கிறது. உங்கள் மூன்றாவது படம் பக்கவாட்டில், கொஞ்சம் கலங்கலாக வந்திருக்கிறது. ஆனால் எனக்கு உதவியது அதுதான். பூவுக்குக் கீழே உள்ள பச்சைக் கிண்ணமும், தண்டில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறுவதும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பார்க்கும்போது முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நாம் 'ஒரு பூ' என்று நினைப்பது ஒரு பூ அல்ல. சூரியகாந்திக் குடும்பத்தில் உலகம் முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் பல சிறுமலர்கள் ஒரே மேடையில் நெருக்கமாக உட்கார்ந்து ஒரே பூவாகத் தோற்றம் தருகின்றன. பள்ளிப் பாடத்தில் இதைச் சிரமஞ்சரி என்று படித்திருப்பீர்கள். நான் பூத்தலை என்றே எழுதுகிறேன். அந்த மேடையைச் சுற்றி அடியிலிருந்து தாங்கும் பச்சைச் செதில்கள்தான் நான் சொன்ன கிண்ணம். செதில்கள் எத்தனை வரிசை, எல்லாம் ஒரே நீளமா, நுனி கூரா மழுங்கலா என்று பார்த்தாலே பாதிச் செடிகளைக் கழித்துவிடலாம்.

இதைப் பழகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் தாத்தாப்பூ கட்டாயம் இருக்கும். வெட்டுக்காயப் பூண்டு என்றும், கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வோமே, அதேதான். ஒரு பூத்தலையைப் பறித்து நகத்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். ஓரத்தில் வெளிர் மஞ்சளாக, நுனி மூன்றாகப் பிரிந்த தட்டையான நாக்கு வடிவச் சிறுமலர்கள் நாலைந்து நிற்கும். நடுவில் மஞ்சளாகக் குழல் வடிவச் சிறுமலர்கள் நிறைய இருக்கும். ஒவ்வொரு குழலின் அடியிலும் கறுத்த, மயிர் படர்ந்த ஒரு விதைக்காயும், அதன் தலையில் தூவி எனப்படும் மயிர்க்கொத்தும் இருக்கும். நாக்கு, குழல், தூவி, கிண்ணம் ஆகிய இந்த நான்கையும் தாத்தாப்பூவில் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டால், மலையில் எந்தச் செடியைப் பார்த்தாலும் எதைத் தேட வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் செடிக்கு வருவோம்.

பூவாங்குறுந்தலின் பூத்தலையில் நாக்கு கிடையாது. எல்லாமே குழல்தான். ஒரு தலையில் ஏறக்குறைய 20 சிறுமலர்கள். தலை முழுதுமே சுமார் 6 முதல் 8 மில்லிமீட்டர்தான், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கிண்ணத்தின் செதில்கள் மூன்று நான்கு வரிசையில், வெளி வரிசை குட்டையாகவும் உள்ளே போகப் போக நீளமாகவும், ஒன்றின் மேல் ஒன்று படிந்து இருக்கும். ஒவ்வொரு செதிலின் நுனியும் கூராக, பல சமயம் லேசான ஊதாச் சாயத்தோடு நிற்கும். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினால் அந்தக் கூர் நுனிகள் தெரிகின்றன பாருங்கள்.

கையில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் இன்னும் அருமையான அடையாளம் ஒன்று காத்திருக்கிறது. மலர்ந்த குழல் ஒவ்வொன்றிலிருந்தும் சூல்தண்டு வெளியே நீண்டு, நுனியில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கிளைகளும் மெல்லிசாக வெளிப்புறம் சுருண்டிருக்கும். கிளைகளின் முதுகில் நுண்ணிய மயிர்கள். பூவாங்குறுந்தல் சேர்ந்த வெர்னோனியாக் கூட்டத்துக்கே உரிய குணம் இது. காட்டுச்சீரகத்திலும் இதையே பார்க்கலாம். பூத்தலை தூரத்திலிருந்து கொஞ்சம் கலைந்த மாதிரித் தெரிவதற்குக் காரணமும் இந்தச் சுருண்ட கிளைகள்தான். அப்பக்கொடியிலும் சூல்கிளைகள் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவை நுனி மழுங்கி, சற்றே தடித்து இருக்கும், இப்படிக் கூராகச் சுருளாது.

அப்புறம் விதை. பூத்து முடிந்த தலைகளையும் தவறாமல் பாருங்கள். பலரும் வாடிய பூ என்று விட்டுவிடுவதில்தான் முக்கியமான சாட்சி இருக்கிறது. பூவாங்குறுந்தல் முற்றியதும் தலை முழுக்க வெள்ளைப் பஞ்சாக விரியும். ஒரு விதைக்காயை எடுத்து லென்ஸில் பார்த்தால் தூவி இரண்டு அடுக்காக இருப்பது தெரியும். உள்ளே நீளமான வெள்ளை இழைகள், வெளியே மிகக் குட்டையான செதில்கள் ஒரு வட்டம். விதைகள் பறந்து போனபின் கிண்ணத்தின் செதில்கள் பின்பக்கமாக மடங்கி, காய்ந்த சிறு நட்சத்திரமாகச் செடியிலேயே நிற்கும். ஒரே கொத்தில் மொட்டு, ஊதாப் பூ, வெள்ளைப் பஞ்சு, மடங்கிய நட்சத்திரம் நான்கும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இலைக்கும் தண்டுக்கும் வருகிறேன். தண்டு நேராக எழும்பி, மேல் பாதியில் கிளைக்கும். விரலால் தடவினால் நீளவாட்டில் வரிகள் தட்டுப்படும், சாம்பல் நிறத்தில் மென்மயிர் படிந்திருக்கும். இலைகள் மாற்றி மாற்றி அமைந்தவை. அடியிலைகள் அகலமாக, கரண்டி வடிவத்துக்கு அருகில் இருந்து, காம்பை நோக்கிக் குறுகிக்கொண்டே வரும். ஓரத்தில் ஆழமில்லாத பற்கள். மேலே போகப் போக இலை சிறுத்து, குறுகி, கொத்துக்குப் பக்கத்தில் வெறும் கோடு மாதிரி ஆகிவிடும். ஒரே செடியில் இவ்வளவு வேறுபட்ட இலைகள் இருப்பதால், ஒற்றை இலையைப் படமெடுத்துவிட்டு 'இது என்ன?' என்று கேட்பதில் பயன் இல்லை.

நிழலில் வளர்ந்ததா வெயிலில் வளர்ந்ததா என்பதும் தோற்றத்தை மாற்றும். நூபுர கங்கைப் பாதையில் மரம் கவிந்த இடத்தில் இதே செடி மெலிந்து உயர்ந்து, இலை அகன்று, பசுமை கூடி நிற்கும். அரிட்டாபட்டிப் பாறைச் சரிவிலோ நாகமலை அடிவாரத்துப் பொட்டலிலோ வளர்ந்தால் ஒரு சாண் உயரத்தில், சாம்பல் பூத்து, இலை சுருங்கி நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் வேறு வேறு இனம் என்றே பலர் சொல்லுவார்கள். கிண்ணத்தையும் தூவியையும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உயரம், இலை அகலம், நிறத்தின் அடர்த்தி இவை இடத்துக்கு இடம் மாறும். பூத்தலையின் கட்டுமானம் மாறாது.

சரி, செயலி சொன்ன மற்ற இரண்டையும் ஏன் கழித்தேன்?

அப்பக்கொடியைக் கழிக்க லென்ஸே வேண்டாம். அதன் இலைகள் எதிரெதிராக, ஒரு கணுவில் இரண்டாக இருக்கும். கொத்துக்குப் பக்கத்தில் மட்டும் சில இலைகள் இடம் மாறலாம். அதனால் தண்டின் நடுப்பகுதிக் கணுவைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் செடியில் அங்கே ஒரு கணுவுக்கு ஓர் இலைதான். இன்னொரு வழி, இலையைக் கசக்கி முகர்வது. அப்பக்கொடி இலையில் ஒரு முரட்டு வாடை எழும்பும், ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. பூத்தலைகளும் நெருக்கமாக அடைந்து, நீலம் கலந்த வெளிர் ஊதாவாகவோ வெள்ளையாகவோ இருக்கும். விதைக்காயின் தலையில் பஞ்சு கிடையாது, கூர் முனையுள்ள ஐந்து சிறு செதில்கள்தான். அதனால் முற்றிய அப்பக்கொடி ஒருபோதும் வெள்ளைப் பஞ்சாக விரியாது. உங்கள் படத்தின் ஓரத்தில் பஞ்சு விரிந்த தலை ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றே போதும்.

முயல்செவி கொஞ்சம் நெருக்கமான போட்டியாளர். அதிலும் இலை மாற்றிலைதான், அதிலும் நாக்கு இல்லாத குழல் பூக்கள்தான், அதிலும் வெள்ளைப் பஞ்சு விரியும். ஆனால் கிண்ணத்தைப் பாருங்கள். முயல்செவியின் செதில்கள் ஒரே வரிசை. எல்லாம் ஒரே நீளம், விளிம்போடு விளிம்பு ஒட்டி, வழுவழுப்பான பச்சைக் குழாயாக நிற்கும். அந்தக் குழாயின் வாயில் ஊதாவோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அடியில் குட்டைச் செதில் ஒன்றுகூட இராது. பூவாங்குறுந்தலில் செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காக இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் இந்த இரண்டும் குழம்பவே குழம்பாது. இலையும் உதவும். முயல்செவியின் மேல் இலைகளுக்குக் காம்பு இல்லை, அடிப்பகுதி இரண்டு மடலாக விரிந்து தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். கீழ் இலைகள் ஓரத்தில் ஆழமாக வெட்டுப்பட்டு, நுனி மடல் மட்டும் பெரிதாக இருக்கும். பூத்தலைகளும் எண்ணிக்கையில் குறைவு, நீண்ட காம்புகளில் தனித்தனியாக நிற்கும். மொட்டாக இருக்கும்போது தலை கவிழ்ந்திருக்கும்.

இந்த வேறுபாட்டில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் இந்தச் செடிகளை வெறுமனே பார்ப்பதோடு நிறுத்துவதில்லை, பறித்து மருந்துக்கும் கீரைக்கும் எடுத்துப் போகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் சகதேவி என்று கேட்டால் பூவாங்குறுந்தலைத்தான் தருவார்கள். நெய்ச்சட்டி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. முயல்செவியையும் கீரையோடு சேர்த்து ஆய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பக்கொடியிலும் முயல்செவியிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. அவை தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கக் கூடியவை. வேகவைத்தாலும் இந்த ஆபத்து நீங்கிவிடாது. அதனால் 'ஊதாப் பூ, ஏதோ சகதேவி மாதிரி இருக்கிறது' என்ற அளவில் யாரும் எதையும் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். அடையாளம் சரியாக இருந்தாலும், அளவும் பக்குவமும் படித்த சித்த மருத்துவர் சொல்ல வேண்டியவை. நான் இங்கே செடியை அடையாளம் மட்டும்தான் காட்டுகிறேன்.

வண்ணத்துப்பூச்சி பார்க்கிறவர்களுக்கு இதே வேதிப்பொருளால் ஒரு லாபம் உண்டு. எருக்கு இனச் செடிகளைத் தின்று வளரும் வரிப்புலி, நீலப்புலி வகை வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் இந்த ஆல்கலாய்டுகளைத் தேடி அலைகின்றன. இனச்சேர்க்கைக்கான மணப்பொருளை அவை இதிலிருந்துதான் தயாரிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அழகர்மலைப் பாதையோரம் ஓர் ஊதாப் பூக்கொத்தில் நீலப்புலிகள் கும்பலாக மொய்த்துக்கொண்டிருந்தால், அது அப்பக்கொடியா என்று முதலில் கணுவைப் பாருங்கள்.

கண்மாய்ப் பக்கம் போகிறவர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று கொட்டைக்கரந்தை. அறுவடை முடிந்த வயலிலும் நீர் வற்றிய கண்மாய்க் கரையிலும் ஊதா உருண்டைகளாகப் பூக்கும். தண்டின் இருபுறமும் இலை மாதிரியே சிறகு ஓடும், நல்ல வாசனை இருக்கும். மலை நிழலில் அதைத் தேட வேண்டாம், அதன் இடம் ஈரம் வற்றிய களிமண். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஆஸ்டர் என்று விற்கும் ஊதாப் பூவை இதோடு சேர்த்துப் பார்க்கவே கூடாது. அது சீனாவிலிருந்து வந்த தோட்டப் பயிர், ஓரத்தில் பட்டை பட்டையாக நாக்குகள் இருக்கும்.

அடுத்து, உள்ளூர்ச் செடியா என்ற கேள்வி. பூவாங்குறுந்தல் நம் மண்ணின் செடிதான். ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலத்தில் தொடங்கி இந்தியா, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரைக்கும் அதன் இயற்கையான பரப்பு. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-லேயே இதற்கு கோனிசா சினெரியா என்று பெயரிட்டார். 1829-ல் வெர்னோனியா சினெரியா ஆனது, 1990-ல் வெர்னோனியாக்களைப் பிரித்துச் சீர்படுத்தியபோது சயாந்தில்லியம் சினெரியம் ஆனது. பழைய புத்தகங்களிலும் மருந்துப் பொட்டலங்களிலும் வெர்னோனியா என்றே இருக்கும், பயப்பட வேண்டாம், ஒரே செடிதான். கேரளத்தில் கர்க்கடக மாதத்தில் பெண்கள் சூடும் பத்துப் பூக்களில் இதுவும் ஒன்று. முயல்செவியும் கரிசலாங்கண்ணியும் அந்தப் பத்தில் சேர்ந்தவை. சூரியகாந்திக் குடும்பத்துக்கு அங்கே மூன்று இடம்.

முயல்செவியும் ஆசியா, ஆப்பிரிக்காப் பக்கத்துச் செடி, நம்முடையதுதான். அப்பக்கொடி அப்படியல்ல, அதன் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். தாத்தாப்பூவும் அங்கிருந்து வந்ததுதான். கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் மலைப்பாதையில் நம் கண்ணில் படுகிறவற்றில் எவ்வளவு வெளியிலிருந்து வந்தவை என்பது திகைக்க வைக்கும். உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியாவில் 1955 வாக்கில் புனேயில் கவனத்துக்கு வந்த பார்த்தீனியம், இன்று மதுரையில் ரோட்டோரம் பூராவும் நிற்கிறது. அதுவும் இதே சூரியகாந்திக் குடும்பம்தான். அதற்காகப் பூவாங்குறுந்தலை அபூர்வச் செடி என்று நினைத்துவிடாதீர்கள். அது சாலையோரத்திலும் தென்னந்தோப்பிலும் தொட்டி மண்ணிலும்கூட முளைக்கும். புளோரிடாவிலும் கரீபியன் தீவுகளிலும் இந்தச் செடியே வந்தேறிக் களையாகத் திரிகிறது. களை என்பது இடத்தைப் பொறுத்த பட்டம். இங்கே அது தன் சொந்த இடத்தில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

எளிதாகக் கிடைக்கும் செடி என்பதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அழகர்மலை காப்புக் காடு. அங்கே செடியையோ பூவையோ பறிப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மலையில் படம் மட்டும் எடுங்கள். பிளந்து பார்ப்பது, கசக்கி முகர்வது, விதையை லென்ஸில் வைப்பது எல்லாவற்றையும் ஊருக்குள் காலி மனையில் முளைத்த பூவாங்குறுந்தலில் செய்துகொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் தெரிந்துகொண்டால், மலையில் தொடாமலே அடையாளம் சொல்லிவிடலாம்.

படம் எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிக் கேள்விகள் படக் குறையால்தான் பதில் இல்லாமல் நின்றுவிடுகின்றன. முதலில் செடி முழுவதும், வேரடியிலிருந்து உச்சி வரை ஒரே படத்தில். அடியிலைகள் காய்ந்திருந்தாலும் அவையும் விழ வேண்டும். பிறகு தண்டின் நடுவில் ஒரு கணு, இலை எப்படிச் சேர்கிறது என்று தெரியும்படி. பிறகு பூத்தலையைப் பக்கவாட்டில், கிண்ணம் தெளிவாகத் தெரிய. இந்தப் படத்துக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் கேமரா பின்னால் இருக்கும் புல்லில் ஃபோகஸ் செய்துவிடும். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, கை ரேகையை வைத்து அளவும் ஓரளவு புரியும். கடைசியாகப் பஞ்சு விரிந்த தலை ஒன்று. மேலிருந்து எடுக்கும் அழகான படம் வேண்டுமானால் அதையும் எடுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் கேட்காதீர்கள். இந்த நான்கு படங்களைக் கொடுத்தால் செயலிகூடப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும்.

எப்போது போகலாம் என்றால், பூவாங்குறுந்தல் ஈரம் இருக்கும் இடத்தில் ஆண்டு முழுக்கப் பூக்கும். ஆனால் மதுரையைச் சுற்றி மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கிறது. அதில் முளைத்த செடிகள் மார்கழி, தையில் மொட்டும் பூவும் விதையுமாக ஒரே நேரத்தில் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்கும் சமயத்தில் போனால் பெரும்பாலும் காய்ந்த தண்டும் மடங்கிய செதில்களும்தான் மிஞ்சியிருக்கும். காய்ந்ததை வைத்து அடையாளம் காண்பதும் நல்ல பயிற்சிதான். ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

உலர்த்தி ஒட்டிய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம் வந்தால் திருச்சிக்கு ஒரு நடை போய் வாருங்கள். தூய வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் ஹெர்பேரியம் தமிழ்நாட்டுச் சமவெளி, குன்றுகளின் தாவரங்களுக்கு முக்கியமான சேகரிப்பு. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஒரே இனத்தின் பல மாதிரிகளை வரிசையாகப் பார்க்கும்போது, நிழல் செடியும் வெயில் செடியும் எவ்வளவு மாறுபடும் என்று நான் மேலே எழுதியது கண்ணெதிரே தெரியும்.

இனி அந்தப் பூவில்லாப் படம். தரையோடு தரையாக வட்டமாக விரிந்த இலைகள், நடுவில் தண்டு இல்லை, மரத்தடி நிழல், இலைமேல் சொரசொரப்பான மயிர், ஓரம் வளைவு வளைவாகப் பல் வைத்தது, நடுநரம்பு தடித்தது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் அது யானைச்சுவடி என்றே நினைக்கிறேன். அதுவும் வெர்னோனியாக் கூட்டத்தைச் சேர்ந்த, பூவாங்குறுந்தலின் சொந்தக்காரச் செடிதான், நம் நாட்டுச் செடியும்தான். ஆனால் அதைவிட நிழலையும் ஈரத்தையும் அதிகம் விரும்பும் உண்மையான காட்டுச் செடி.

இலையை மட்டும் வைத்து நான் முத்திரை குத்த மாட்டேன், பூத்தண்டு வரட்டும். வந்தால் பார்க்க வேண்டியவை இவை. இலை வட்டத்தின் நடுவிலிருந்து விறைப்பான, மயிர் படர்ந்த தண்டு எழும்பி இரண்டிரண்டாகக் கிளை பிரியும். ஒவ்வொரு கிளை நுனியிலும் இதய வடிவத்தில் மூன்று பச்சை இலைச்செதில்கள் விரிந்து, அவற்றின் மடியில் ஊதாப் பூக்கள் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு ஒரே பூத்தலை மாதிரித் தெரியும். ஆனால் அது பல பூத்தலைகள் சேர்ந்த கூட்டம். அதில் ஒரு தலையை மட்டும் பிரித்தால் எட்டே செதில்கள், நான்கே சிறுமலர்கள். சிறுமலர் ஒவ்வொன்றிலும் இதழ் மடல்கள் ஒரு பக்கம் ஆழமாகப் பிளந்து, ஐந்தும் ஒரே பக்கமாக விரிந்திருக்கும். விதைக்காயின் தலையில் பஞ்சு இராது, அடி தடித்த விறைப்பான மயிர்கள் பெரும்பாலும் ஐந்து இருக்கும். அந்த மூன்று இதயச் செதில்களையும் கீழிருந்து ஒரு படம், நான்கு சிறுமலர்களையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பெயரை உறுதி செய்துவிடலாம்.